கனமான ஸ்ட்ரைக்கர் ஈரப் போர்டை வெல்லாது

இறக்குவானையிலிருந்து எட்டியாந்தோட்டை வரை, கரம் போர்ட் போட்டிருக்கும் எந்த லயத்துத் திண்ணையில் போய்க் கேட்டாலும் ஒரே தீர்ப்புத்தான் கிடைக்கும்: ஸ்ட்ரைக்கர் கனமாக இருக்க வேண்டும். பதினைந்து கிராம். அதற்குக் குறைந்ததெல்லாம் சின்னப் பிள்ளைகள் விளையாடுவதற்கு. மழைக்காலம் வந்துவிட்டால் இந்தத் தீர்ப்புக்கு அப்பீலே இல்லை. "ஈரப் போர்டுல லேசான ஸ்ட்ரைக்கர் ஓடாது தம்பி, பாதியிலேயே குந்திரும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். இளைஞர் கழகத்துக்குப் புதுப் போர்ட் வாங்கப் போகிறவர்கள் கடையில் இருப்பதிலேயே கனமானதை எடுத்துக்கொண்டு வருவார்கள்.

இந்தத் தீர்ப்பு தவறு. மழைக்காலப் போர்டுக்கு எது வேண்டுமோ அதற்கு நேர் எதிரான தவறு.

அந்தப் பக்கத்து வாதத்தை முதலில் அதன் முழு பலத்தோடு வைக்கிறேன். கனமான ஸ்ட்ரைக்கருக்கு ஆதரவாக நான்கு காரணங்கள் சொல்லப்படுகின்றன. கனமான பொருள் ஒருமுறை ஓடத் தொடங்கினால் எளிதில் நிற்காது. பாரம் ஏற்றிய லொறியை நிறுத்துவது கடினம் என்பது மலைப்பாதையில் வாழும் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடுத்தது, கனமானது நேராகப் போகும்; வழியில் ஒரு காயை உரசினாலும் திசை மாறாது. மூன்றாவது, முதல் அடியிலேயே நடுவட்டத்தில் அடுக்கிய காய்கள் நன்றாகச் சிதறும். நான்காவது, போட்டிகளில் ஆடும் பெரிய ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் பதினைந்து கிராமை ஒட்டியதைத்தான் வைத்திருக்கிறார்கள். இந்த நான்கில் இரண்டு முழு உண்மை, ஒன்று பாதி உண்மை. முதலாவதுதான் முழுப் பொய். ஆனால் மழைக்காலத் தீர்ப்பு முழுவதும் அந்த முதலாவதன் மேல்தான் நிற்கிறது.

இதைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டுமா என்று கேட்பவர்கள் நம் பக்கத்து மழையையும் வேலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கினால் செப்டம்பர் வரை விடாது. பிறகு ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேர இடிமழை. றப்பர் தோட்டங்களில் மரப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டு இல்லை. வெட்டினாலும் பால் காடியில் ஒழுங்காக ஓடாமல் பட்டையெங்கும் பரவி வழியும், சிரட்டையில் விழுந்தது மழைநீரோடு போய்விடும். ஆக, கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் ஆட்கள் லயத்தில் சும்மா இருக்கும் நாளும் காற்றில் ஈரம் உச்சத்தில் இருக்கும் நாளும் ஒன்றே. நம் பிள்ளைகள் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொள்வதே ஈரப் போர்டில்தான். அந்தப் போர்டைப் பற்றி நாம் சொல்லிக்கொடுப்பது தவறாக இருந்தால், அவர்கள் கற்கும் ஆட்டமே தவறாகிவிடும்.

இனி மறுப்புகள்.

ஒன்று. கனம் கூடினால் ஓட்டம் கூடும் என்று எந்தக் கணக்கு சொல்கிறது? சாதாரண தரத்து விஞ்ஞானப் பாடத்தை ஒழுங்காகப் படித்த எந்த மாணவியும் இதைத் தாளில் போட்டுக் காட்டுவாள். போர்டின் மேல் வழுக்கும் ஸ்ட்ரைக்கரை நிறுத்துவது உராய்வு. உராய்வு விசை, ஸ்ட்ரைக்கர் போர்டை எவ்வளவு அழுத்துகிறதோ அதற்கு ஏற்பக் கூடும். ஒன்றரை மடங்கு கனமான ஸ்ட்ரைக்கரை உராய்வும் ஒன்றரை மடங்கு பலமாகப் பிடித்திழுக்கும். கனத்தால் வந்த இலாபம் கனத்தாலேயே போய்விடுகிறது. அமர்முடுகல் கணக்கில் திணிவு வெட்டுப்பட்டு மறைந்துவிடும். மிஞ்சுவது போர்டின் வழுக்கலும் புவியீர்ப்பும் மட்டும். பத்து கிராமும் பதினைந்து கிராமும் ஒரே வேகத்தில் புறப்பட்டால் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். லொறி உவமையும் இங்கே பொருந்தாது. லொறியை நிறுத்தக் கடினமாக இருப்பதற்குக் காரணம், பாரம் கூடினாலும் பிரேக்கின் பலம் அதே அளவுக்குக் கூடாது என்பதும், இறக்கத்தில் பிரேக் சூடேறித் தளர்ந்துவிடும் என்பதும். போர்டில் பிரேக்கும் பாரத்தோடு சேர்ந்து பலக்கிறது.

அது ஒரே வேகத்தில் புறப்பட்டால். ஒரே வேகத்தில் புறப்படுமா? விரலின் பலம் ஒன்றுதான். அந்த விரல் கொடுக்கும் சக்தி இரண்டு ஸ்ட்ரைக்கருக்கும் சமம் என்று வைத்துக்கொண்டால், பத்து கிராம் ஒன்றரை மடங்கு தூரம் ஓடும். விரல் கொடுக்கும் உந்தம் சமம் என்று வைத்தால் இரண்டேகால் மடங்கு. உண்மையான விரல் இவற்றுக்கிடையே எங்கோ நிற்கும்; விரலுக்கும் ஒரு கனம் உண்டு, அதையும் சேர்த்துத்தான் நாம் வீசுகிறோம், ஆகவே நடைமுறை வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இராது. ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து கணக்குப் போட்டாலும் கனமானது அதிக தூரம் ஓடும் என்ற விடை வராது. சமமாகும், அல்லது குறையும். "பாதியிலேயே குந்திரும்" என்ற குற்றச்சாட்டு உண்மையில் சேர வேண்டியது கனமான ஸ்ட்ரைக்கருக்கு.

இதற்கு ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. போர்டு வெறும் ஈரமாக இல்லாமல் ஒட்டுகிற நிலைக்குப் போய்விட்டால்? பழைய பவுடர் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுவென்று படிந்திருந்தால், ஸ்ட்ரைக்கரைப் பிடிப்பது உராய்வு மட்டும் இல்லை, ஒட்டலும் சேரும். அந்த ஒட்டல் கனத்தைப் பார்ப்பதில்லை. ஆகவே அங்கே ஒரே வேகத்தில் புறப்பட்டால் கனமானது சற்று மேலாக ஓடும். இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நிலையில் ஸ்ட்ரைக்கர் ஓடினாலும் காய்கள் ஓடா. காய் ஐந்து கிராம்தான். ஒட்டல் அதைத்தான் முதலில் பிடிக்கும். அப்படிப்பட்ட போர்டில் ஆடுவதற்கு ஸ்ட்ரைக்கர் தேடக் கூடாது. துணியை எடுத்துத் துடைக்க வேண்டும்.

இரண்டு. காய்க்கு வேகம் யார் கொடுக்கிறார்கள்? ஸ்ட்ரைக்கர் ஓடுவது மட்டும் ஆட்டமில்லை, அது காயை ஓட்ட வேண்டும். கனமானது காயைப் பலமாகத் தள்ளுமே என்பார்கள். இதுவும் பாதி உண்மைதான். இரண்டும் ஒரே வேகத்தில் வந்து நேராக மோதினால், ஐந்து கிராம் காய்க்குப் பதினைந்து கிராம் ஸ்ட்ரைக்கர் தன் வேகத்தின் ஒன்றரை மடங்கைக் கொடுக்கும். பத்து கிராம் ஒன்றும் மூன்றில் ஒன்றும் மடங்கைக் கொடுக்கும். கனமானதற்கு எட்டில் ஒரு பங்கு இலாபம். ஆனால் மறுபடியும் அந்த "ஒரே வேகத்தில்" என்ற சொல்லை யாரும் கவனிப்பதில்லை. விரல் கொடுக்கும் சக்தி சமமானால் கனமானது மெதுவாகத்தான் புறப்படும். அப்போது காய்க்குக் கிடைக்கும் வேகம் லேசான ஸ்ட்ரைக்கரால்தான் அதிகம், ஏறத்தாழ ஒன்பது சதவீதம். பலசாலி விரலுக்கு முதல் கணக்கு நெருக்கமாக இருக்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டாவது கணக்குத்தான் நெருக்கம். நாம் முதல் கணக்கை எடுத்துப் பிள்ளையின் கையில் திணிக்கிறோம்.

மூன்று. மோதிய பிறகு ஸ்ட்ரைக்கர் எங்கே போகிறது என்று பார்த்தீர்களா? முழு வாதத்திலும் கனமான கேள்வி இதுதான். ஆனால் யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் எல்லார் கண்ணும் காயின் பின்னால் போய்விடுகிறது.

மழை நாளில் எந்தத் திண்ணையிலும் இதைக் காணலாம். கவிழ்த்த பீப்பாயின் மேல் போர்ட். குழிக்கு ஒரு சாண் தூரத்தில் வெள்ளைக் காய், நேர்க்கோட்டில். பையன் கட்டைவிரலால் ஸ்ட்ரைக்கரைச் சரிசெய்து, ஆள்காட்டி விரலை மடக்கி, போர்ட் ஈரம் என்று சொல்லிச் சொல்லி வளர்த்ததால் பலமாகவே விடுகிறான். காய் விழுகிறது. எல்லாரும் "ஆ" என்று வாய் திறக்கும் முன் ஸ்ட்ரைக்கரும் அதே கோட்டில் போய் அதே குழியில் விழுகிறது. விழுந்த காயும் மேலே வருகிறது, ஃபைனுக்கு இன்னொரு காயும் மேலே வருகிறது. "பாத்து அடிடா" என்கிறார் பக்கத்தில் இருக்கும் மாமா. பையன் பார்த்துத்தான் அடித்தான். அவன் கையில் கொடுத்த பொருள் அப்படி.

கணக்கு எளிது. ஐந்து கிராம் காயில் நேராக மோதிய பிறகு, பதினைந்து கிராம் ஸ்ட்ரைக்கரிடம் வந்த வேகத்தில் பாதி மிச்சமிருக்கும். பத்து கிராமிடம் மூன்றில் ஒன்றுதான். ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நியாயமாக ஒப்பிட, இரண்டும் காய்க்குச் சமமான வேகம் கொடுக்கும்படி விட்டதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் கனமானது மோதிய இடத்துக்கு அப்பால் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மடங்கு தூரம் தொடர்ந்து ஓடும். மோதலில் கொஞ்சம் சக்தி வீணாவதால் எண்கள் சற்று அசையும். எது அதிகம் ஓடும் என்பது மாறாது. சர்வதேச விதிப்படி குழியின் விட்டம் 4.45 சென்ரிமீற்றர், ஸ்ட்ரைக்கரின் விட்டம் 4.13 வரை இருக்கலாம். இடைவெளி மூன்று மில்லிமீற்றர் சொச்சம். அது போதும், விழுந்துவிடும்.

இதோடு கோணத்தையும் சேர்க்க வேண்டும். "கனமானது நேராகப் போகும், திசை மாறாது" என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அதை எண்ணிலேயே சொல்கிறேன். ஐந்து கிராம் காயில் எந்தப் பக்கமாக மோதினாலும், பதினைந்து கிராம் ஸ்ட்ரைக்கர் தன் பாதையிலிருந்து இருபது பாகைக்கு மேல் விலக முடியாது. பத்து கிராம் முப்பது பாகை வரை விலகும். காய் ஒரு பக்கம் போக, ஸ்ட்ரைக்கரை மறுபக்கம் அனுப்பி அடுத்த காயைத் தட்டுவதும், சிவப்பைப் போட்ட கையோடு துணைக்காய்க்கு வசதியான இடத்தில் காய்களைக் கொண்டுவந்து வைப்பதும்தான் கரம் ஆட்டத்தின் அழகே. அதற்கு ஸ்ட்ரைக்கர் வளைந்து கொடுக்க வேண்டும். வளையாமல் நேராகப் போவதைச் சிறப்பு என்று கொண்டாடுபவர்கள், தங்களையும் அறியாமல் தங்கள் ஆட்டத்தின் பாதி வழிகளை அடைத்துக்கொள்கிறார்கள். கனமான ஸ்ட்ரைக்கரை வைத்துக்கொண்டு இந்த வேலைகளையெல்லாம் செய்யும் ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அதை மெதுவாக விடத் தெரிந்தவர்கள். அதைப் பற்றி ஐந்தாவதில்.

நான்கு. சாய்ந்த போர்டைக் கனம் நிமிர்த்துமா? லயத்துத் திண்ணை எதுவும் மட்டமாக இராது. மழைத்தண்ணீர் முற்றத்துக்கு வழிய வேண்டும் என்றே சாய்வாகப் போட்டிருப்பார்கள். "லேசானது பள்ளத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும், கனமானது போகாது" என்பது இன்னொரு நம்பிக்கை. உராய்வைப் போலவே சரிவும் கனத்தைப் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் ஒரே வீதத்தில்தான் இழுக்கும். ஒரு சோடா போத்தலில் முக்கால்வாசி தண்ணீர் நிரப்பி, மூடி, போர்டின் மேல் படுக்க வையுங்கள். உள்ளே இருக்கும் காற்றுக்குமிழி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் மேடு. எதிர்ப்பக்கத்தில் மடித்த அட்டை ஒன்றைச் சொருகினால் வேலை முடிந்தது.

ஐந்து. சாம்பியன்கள் கையில் இருப்பது நம் கைக்கும் பொருந்துமா? நான்காவது காரணம் உண்மை என்று தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டேன். விதி பதினைந்து கிராமை உச்ச வரம்பாக வைத்திருக்கிறது. போட்டி ஆட்டக்காரர்களில் பலர் அந்த வரம்பை ஒட்டியே தெரிவு செய்கிறார்கள். சென்னையின் மரியா இருதயம் 1991இலும் 1995இலும் உலகப் பட்டம் வென்றவர். 2012இல் கொழும்பில் நடந்த உலகப் போட்டியில் நம் நாட்டு நிஷாந்த பெர்னாண்டோ பட்டம் வென்றார். இவர்களைப் போன்றவர்கள் ஆடுவது எப்படிப்பட்ட போர்டில்? நன்றாக இழைத்து மெருகேற்றிய, மட்டம் பார்த்த, மேலே விளக்குத் தொங்கும், துடைத்துப் புதுப் பவுடர் தூவிய போர்டில். அங்கே ஸ்ட்ரைக்கரை ஓட வைப்பது பிரச்சினையே இல்லை, நிறுத்துவதுதான் பிரச்சினை. அவர்கள் விரலால் அடிப்பதில்லை, விடுகிறார்கள். சின்ன அசைவில் காய்க்குத் தேவையான வேகத்தை அளந்து கொடுக்கும் கைக்குக் கனம் உதவுகிறது. மெல்ல விட்டாலும் காய் போய்ச் சேருகிறது. ஈரப் போர்டில் முழு பலத்தோடு அடிக்கும் கைக்கு அதே கனம் எதிரியாகிறது. பொருள் ஒன்றுதான். அது நிற்கும் நிலைமை வேறு.

இந்தத் தவறு நம்மோடு முடிவதுமில்லை. அமெரிக்காவில் 1970களில் எட் ஹெட்ரிக் ஒழுங்கமைத்த டிஸ்க் கோல்ஃப் என்ற ஆட்டம் இருக்கிறது. பிளாஸ்டிக் தட்டை வீசிச் சங்கிலி தொங்கும் கூடையில் விழுத்த வேண்டும். அங்கேயும் புதியவர்களுக்கு முதலில் கிடைக்கும் ஆலோசனை இதே சாயலில்தான் இருக்கிறது: காற்றடித்தால் "ஓவர்ஸ்டேபிள்" நடுத்தூரத் தட்டை எடு. காற்றில் புரளாமல் உறுதியாக நின்று, வலக்கைக்காரர் வழக்கப்படி வீசினால் கடைசியில் இடப்பக்கம் வலுவாக வளைந்து இறங்கும் தட்டு அது. இன்னோவா நிறுவனம் தன் தட்டுகளில் வேகம், மிதப்பு, திருப்பம், இறுதி வளைவு என்று நான்கு எண்கள் பொறிக்கிறது. அதன் கேட்டர் என்ற தட்டுக்கு அவை 5, 2, 0, 3. அந்த எண்கள் எல்லாம் தட்டு ஒரு குறிப்பிட்ட வேகத்தில் பறக்கும் என்ற எதிர்பார்ப்பில் எழுதப்பட்டவை. கை வேகம் குறைந்தவர் வீசினால் அது காற்றை எதிர்த்து நேராகப் போவதில்லை. பாதி வழியிலேயே இடப்பக்கம் சரிந்து விழுகிறது. காற்றின் மேல் பழி போட்டு, அதைவிட உறுதியான இன்னொரு தட்டை வாங்குவார்கள். அது இன்னும் சீக்கிரம் விழும். பலசாலியின் பொருளைப் பலசாலியின் வேகம் இல்லாமல் வாங்குவது என்ற இந்த நோய் இரண்டு ஆட்டத்துக்கும் பொது. டிஸ்க் கோல்ஃப் தட்டில் நான்கு எண்ணாவது இருக்கிறது. நம் ஸ்ட்ரைக்கரின் உறையில் இருப்பது ஒரே ஒரு எண்.

ஆறு. அந்த ஒரு எண்ணையாவது நம்பலாமா? "பதினைந்து கிராம்" என்று சத்தியம் செய்கிறவர்களில் எத்தனை பேர் தங்கள் ஸ்ட்ரைக்கரை நிறுத்துப் பார்த்திருப்பார்கள்? கொழுந்து நிறுக்கும் தராசில் கிராம் தெரியாது. கடைத் தராசும் இவ்வளவு சின்னப் பொருளுக்குச் சரிவராது. ஆனால் நம் மாகாணத்தில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது, இலங்கையின் வேறு பல இடங்களில் இவ்வளவு எளிதில் கிடைக்காத வசதி. இரத்தினபுரியில் மாணிக்கக்கல் வியாபாரிகளின் சட்டைப்பைகளில் கரட் தராசு இருக்கும். ஐந்து கரட் ஒரு கிராம். பதினைந்து கிராம் ஸ்ட்ரைக்கர் 75 கரட் காட்ட வேண்டும். தெரிந்த வியாபாரி ஒருவர் தன் உள்ளங்கை அகலத் தராசின் மூடியைத் திறந்து, கல் வைக்கும் தட்டை எடுத்துவிட்டு, என் ஸ்ட்ரைக்கரை வைத்தார். உறையில் பதினைந்து கிராம் என்று அச்சடித்திருந்த அது 71 கரட்டில் நின்றது. பதினான்கு கிராம் சொச்சம். அதே பையில் கிடந்த, எண் எதுவும் இல்லாத பழைய ஸ்ட்ரைக்கர் 58. அதாவது பன்னிரண்டு கிராமுக்கும் குறைவு. இத்தனை நாளும் என் பக்கத்து ஆட்கள் "நல்ல கனம், நல்லா ஓடுது" என்று பாராட்டியது அந்தப் பழையதை. நன்றாக ஓடியதால் கனம் என்று முடிவுகட்டியிருக்கிறார்கள்.

இதனால் எல்லா இடத்துக்கும் லேசானதே நல்லது என்று நான் சொல்லவில்லை. மூன்றாவது காரணம், முதல் அடியில் காய்கள் சிதறும் என்பது, முழு உண்மை. நெருங்கிக் கிடக்கும் காய்க் கும்பலைப் பிளக்கக் கனம் உதவும். பவுடர் போட்ட நல்ல போர்டில், கை பழகிய பெரியவருக்கு, பதினான்கு, பதினைந்து கிராம் அருமையான கருவி. மிகவும் லேசானதற்கும் குறை உண்டு: காயின் கனத்தை நெருங்க நெருங்க ஸ்ட்ரைக்கர் மோதிய இடத்திலேயே செத்துப்போகும், இரண்டாவது காயைத் தொடாது. மழைக்காலத்துக்கும் கற்றுக்கொள்ளும் கைக்கும் பதினொன்று முதல் பன்னிரண்டு கிராம் வரை என்பது என் தீர்மானம். கரட்டில் சொன்னால் 55க்கும் 60க்கும் இடையே. கடைக்காரர் முகத்தைச் சுளித்தாலும் கேட்டு வாங்குங்கள்.

ஸ்ட்ரைக்கரை மாற்றுவதற்கு முன் போர்டைக் கவனியுங்கள். உராய்வு பாதியானால் எந்த ஸ்ட்ரைக்கரும் இருமடங்கு தூரம் ஓடும். ஐந்து கிராம் கூட்டினால் ஓர் அங்குலம்கூடக் கூடாது. இரண்டில் எது மலிவு என்று யோசிக்கவே தேவையில்லை. ஆட்டம் முடிந்ததும் பழைய பவுடரைத் துடைத்தெடுங்கள். இரவு முழுவதும் ஈரத்தைக் குடித்துப் பிசினாவது அதுதான். போர்டைச் சீமெந்துத் தரையில் படுக்க வைக்காதீர்கள், சுவரோடு ஒட்டியும் நிறுத்தாதீர்கள். தரையும் சுவரும் மழைக்காலத்தில் வியர்க்கும். பொலித்தீன் உறை போட்டு மூடினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாது. பழைய சேலைத்துணி போதும். அடுப்பங்கரையில் காய வைப்பவர்கள் இருக்கிறார்கள், அது கூடவே கூடாது. ஒரு பக்கம் மட்டும் சூடுபட்டால் பலகை வளையும். வளைந்த பலகையை எந்தப் போத்தலும் அட்டையும் சரிசெய்யாது. ஆட்டத்துக்கு அரைமணி நேரம் முன் மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டால் அந்த இளஞ்சூடே போதுமானது. பவுடரை மெல்லிய துணியில் முடிந்து தட்டினால் சீராக விழும். கையால் அள்ளித் தூவினால் ஓரிடத்தில் மேடாகும், அங்கே ஸ்ட்ரைக்கர் தடுக்கும்.

இந்தத் தவறான நம்பிக்கையின் விலையை ஆட்டத்தில் தோற்பவர்கள் மட்டும் கொடுப்பதாக இருந்தால் நான் இவ்வளவு சூடாக எழுத மாட்டேன். விலை கொடுப்பவர்கள் ஆடவே வராதவர்கள். ஒரு கழகத்தில் ஒரே ஒரு கனமான ஸ்ட்ரைக்கர் இருந்தால் அந்தப் போர்ட் யாருடையது என்று முடிவாகிவிடுகிறது. சின்னப் பிள்ளை இரண்டு முறை விட்டுப் பார்க்கும்; நகக்கண் வலிக்கும்; ஸ்ட்ரைக்கர் நடுவட்டத்தைத் தாண்டாது. "உனக்குக் கை பத்தாது" என்று எழுப்பிவிடுவார்கள். பெண் பிள்ளைகளை அதற்கு முன்பே எழுப்பிவிடுவார்கள். "கை பத்தாது" என்பது எவ்வளவு பொய் என்பதற்கு வெகு தூரம் போகத் தேவையில்லை: 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் மூன்று தங்கம் வென்றவர் அப்போது பதினேழு வயதான சென்னையின் காசிமா, ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். நம் லயங்களில் அப்படி ஒரு கை இல்லை என்று யார் சொன்னது? நிறை, வேகம், வளைவு எதையும் கற்றுக்கொள்ளும் முன்பே அந்தக் கையின் மேல் பாரத்தை ஏற்றி, ஆட்டம் என்றால் பலமாக அடிப்பதுதான் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

"லேசானதில் பழகினால் போட்டிக்குப் போகும்போது என்ன செய்வது?" என்பது கடைசியாக வரும் கேள்வி. போட்டிக்கு அவரவர் ஸ்ட்ரைக்கரை அவரவரே கொண்டுபோகலாம். விதி சொல்வது உச்ச வரம்பை மட்டும், பதினைந்து கிராமில்தான் ஆட வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. பிறகு விரும்பினால், அளந்து விடத் தெரிந்த கை சில வாரங்களில் கனமானதுக்கு மாறிவிடும். அடித்தே பழகிய கை மென்மைக்குத் திரும்ப வருடக்கணக்கு ஆகும். பலர் திரும்புவதே இல்லை. ஆகவே கழகங்களுக்கு என் கோரிக்கை இவ்வளவுதான்: மே மாத மழைக்கு முன், போர்ட்டோடு இரண்டு ஸ்ட்ரைக்கர் வையுங்கள், ஒன்று 75 கரட், மற்றொன்று 57 அல்லது 58. இரண்டையும் நிறுத்துப் பார்த்து, அடியில் எழுதி வையுங்கள். ஆடுகிறவர் எதை எடுக்கிறார் என்பதை அவர் விரல் முடிவு செய்யட்டும்.